இடது கைக்கு ஒரு குமிழ்

786
நாகப்பட்டினம்
8.1.2024

ரெமி ஆடியோஸ் ரெமிஜியஸ் ஐயா அவர்களுக்கு மெஹராஜ் பேகம் எழுதுவது.

நீங்கள் செய்து அனுப்பிய ஆம்ப்ளிஃபயர் போன வாரம் பஸ் பார்சலில் பத்திரமாக வந்து சேர்ந்தது. பெட்டி அழகாக இருக்கிறது. நான் கேட்டபடியே முகப்பில் ஒரே ஒரு குமிழ், வேறு பட்டன் எதுவும் இல்லை. அதற்கு முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவதெல்லாம் குறைதான்.

ஆர்டர் கொடுக்க வந்த என் தம்பி மகன் ஃபாஜில் விவரமாகச் சொன்னானோ இல்லையோ, நானே சொல்கிறேன். என் வீட்டுக்காரர் அல்லா பிச்சைக்குப் போன ஆடி மாதம் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. கீழே விழுந்ததில் இடது மணிக்கட்டு வேறு முறிந்து, கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கை வெளிப்பக்கமாகத்தான் சுலபமாகத் திரும்புகிறது. உட்பக்கம் திருப்பினால் வலி உயிர் போகிறது. விசைப்படகு இஞ்சினைப் பிரித்து மேய்ந்த கை அது. இப்போது சோறு நான் ஊட்டுகிறேன், சட்டை நான் போட்டுவிடுகிறேன், எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறார். ரேடியோ சத்தத்தை மட்டும் நான் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அது ஒன்றாவது தன் கையில் இருக்கட்டும் என்று நினைக்கிறார். அதனால்தான் இடது கையால் வெளிப்பக்கம் திருப்பினால் சத்தம் கூடுகிற மாதிரி கேட்டேன்.

முதல் நாள் நடந்ததைக் கேளுங்கள். நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அவர் குமிழைத் தொட்டு நகக்கண் அளவு திருப்பியிருப்பார், வீடே அதிர்ந்தது. திரும்பக் குறைக்க அந்தக் கையால் முடியவில்லை. நான் ஓடிவந்து பார்த்தால் வியர்த்து விறுவிறுத்துக் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறார். அன்றிலிருந்து அந்தப் பக்கம் கையே போகவில்லை. திருப்பும்போதெல்லாம் கரகரவென்று இரைச்சலும் வருகிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருஷம் ஆபரேட்டராக இருந்தவள் நான், இரைச்சல் எது என்று எனக்குத் தெரியும்.

உங்கள் அட்டையில் ‘போன் எடுப்பதில்லை, கடிதம் எழுதவும்’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு கடையா என்று ஃபாஜில் சிரிக்கிறான். எனக்கு எழுதுவதில் சிரமம் இல்லை. தயவுசெய்து என்ன செய்வது என்று எழுதுங்கள்.

மெஹராஜ் பேகம்


மரியே வாழ்க
மானம்புச்சாவடி, தஞ்சாவூர்
13.1.2024

அம்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாமல் போனதைப் படித்து வருத்தப்பட்டேன். பூசையில் அவருக்காக வேண்டிக்கொண்டேன்.

ஆனால் ஆம்ப்ளிஃபயரைப் பற்றி நீங்கள் எழுதியதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. இருபத்தெட்டு வருஷமாக இந்தத் தொழில் செய்கிறேன். கோயில் திருவிழா, கல்யாண வீடு, நாடகக் கொட்டகை என்று எங்கெங்கோ என் பெட்டிகள் பாடிக்கொண்டிருக்கின்றன. கரகரப்பு என்று ஒரு பெட்டிகூடத் திரும்பி வந்ததில்லை. உங்கள் பெட்டியை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு என் காதால் கேட்டுத்தான் அனுப்பினேன். சத்தம் படிப்படியாக அழகாக ஏறியது.

நீங்கள் கேட்ட இடதுகை விஷயம் பெரிய வேலை இல்லை. குமிழுக்குப் பின்னால் வால்யூம் கன்ட்ரோலில் மூன்று கால்கள் இருக்கும். ஓரத்துக் கால் ஒன்றில் பாட்டு உள்ளே வரும், இன்னொரு ஓரக்கால் எர்த், நடுக்கால் வழியாகப் பாட்டு வெளியே போகும். இரண்டு ஓரக்கால்களின் ஒயர்களை இடம் மாற்றி சால்டர் வைத்தால் திருப்பும் திசை மாறிவிடும். அதைத்தான் செய்தேன். தப்பு நடக்க அதில் இடமே இல்லை.

ஸ்பீக்கர் ஒயரைச் சரியாக மாட்டினீர்களா என்று பாருங்கள். ரேடியோவிலேயே இரைச்சல் இருக்கலாம். மனது சரியில்லாத நேரத்தில் சின்ன சத்தமும் பெரிதாகக் கேட்கும், காதையும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பொங்கல் வாழ்த்துகள்.

ரெமிஜியஸ்


786
நாகப்பட்டினம்
20.1.2024

ரெமிஜியஸ் ஐயாவுக்கு,

என் காதைக் காட்டச் சொல்கிறீர்கள். நல்ல ஆள் பார்த்துச் சொன்னீர்கள் போங்கள்!

குமிழைச் சுற்றி வட்டமாகக் காகிதம் வெட்டி ஒட்டி, கடிகாரம் மாதிரி ஒன்றிலிருந்து பத்துவரை எண் போட்டேன். ஒவ்வொரு எண்ணிலும் நிறுத்திக் கேட்டு எழுதியிருக்கிறேன். ஒன்றில் சத்தமே இல்லை. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒரே தாவல், இரண்டிலேயே கல்யாண வீட்டு ஒலிபெருக்கி. அதற்குப் பிறகு பத்துவரை போனாலும் பெரிய வித்தியாசம் இல்லை. கரகரப்பு எல்லா எண்ணிலும் இருக்கிறது. வேறு ரேடியோ வைத்தும் பார்த்தேன், ஃபாஜிலின் செல்போனை மாட்டியும் பார்த்தேன், அதே கதைதான்.

இனி ஒன்று சொல்லப்போகிறேன். சொல்லலாமா கூடாதா என்று மூன்று நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை, அட்டையில் என்ன போட்டிருந்தால் என்ன என்று உங்கள் கடை நம்பருக்குப் போன் போட்டேன். நீங்கள்தான் எடுத்தீர்கள். “நாகப்பட்டினத்துலேர்ந்து பேசுறேங்க, உங்க ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு வாங்கினோம்” என்றேன். “சரிங்க, சரிங்க” என்றீர்கள். “அதுல கரகரன்னு இரைச்சல் வருதுங்க” என்றேன். “ஆமாங்க, நாளைக்கு வாங்க” என்று வைத்துவிட்டீர்கள். கோபத்தில் வைக்கிறவர் குரல் எனக்குத் தெரியும். அது கோபம் இல்லை. எதிரில் பேசுவது என்னவென்றே விளங்காமல், விளங்காததைக் காட்டிக்கொள்ளாமல் சமாளிக்கிறவர் குரல். அந்தக் குரலை எத்தனையோ ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன்.

உங்களுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை ஐயா. அதனால்தான் போன் எடுப்பதில்லை. இந்தப் பெட்டியின் கரகரப்பும் அதனால்தான் உங்களுக்குத் தெரியவில்லை. உங்களிடம் இதை யாரும் இதுவரை சொல்லவில்லையென்றால் நான் சொன்னதற்கு மன்னியுங்கள். பெட்டியை பார்சலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சரிசெய்ய முடிந்தால் அனுப்புங்கள். முடியாவிட்டால் வைத்துக்கொள்ளுங்கள்.

மெஹராஜ் பேகம்


மரியே வாழ்க
தஞ்சாவூர்
19.2.2024

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

அக்கா என்று எழுதலாம் என்று நினைக்கிறேன். எனக்கு ஐம்பத்தேழு வயது.

ஒரு மாதம் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம்தான், மறைக்க மாட்டேன். உங்கள் கடிதத்தைக் கசக்கிப் போட்டேன். பார்சலைப் பிரிக்காமல் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டேன். முகம் தெரியாத ஒரு பொம்பளை எங்கிருந்தோ எழுதுகிறாள், ரெமிஜியஸுக்குக் காது கேட்கவில்லையாம் என்று எனக்குள் பொருமிக்கொண்டே இருந்தேன்.

என் மனைவி சவரியம்மாள் அப்போது ஊரில் இல்லை. எங்கள் மகள் லின்சிக்கு இரண்டாவது பிரசவம், மார்கழி பிறப்பதற்கு முன்பே வலங்கைமானில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். திருநீற்றுப் புதனுக்கு முந்தின நாள்தான் திரும்பி வந்தாள். வந்தவள் மேஜைக்கு அடியில் பெட்டியைப் பார்த்து “இது ஏன் திரும்பி வந்துச்சு?” என்று கேட்டாள். பிரித்து ஓடவிட்டேன், குமிழைத் திருப்பினேன். “சவரி, நெஜமாச் சொல்லு. கரகரங்குதா?” என்றேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இரண்டு வருஷமாம் அக்கா. நான் முடித்து வைக்கிற ஒவ்வொரு பெட்டியையும், மறுநாள் காலையில் நான் பூசைக்குப் போயிருக்கிற நேரத்தில் அவள் ஓடவிட்டுக் கேட்டிருக்கிறாள். கரகரத்தால் பிரித்து, கெபாசிட்டரையோ வால்யூம் கன்ட்ரோலையோ மாற்றி, திரும்ப மூடி, நான் வைத்த இடத்திலேயே வைத்திருக்கிறாள். “ஒனக்கு யாருடி சால்டர் வைக்கக் கத்துக்குடுத்தா?” என்று கேட்டேன். “இருபத்தெட்டு வருஷமா உங்க எதிர்ல உக்காந்து கீரை ஆய்ஞ்சவளுக்கு இது தெரியாதா?” என்கிறாள். “ஏன் எங்கிட்ட சொல்லலே?” என்றேன். “சொன்னா நீங்க கடைய மூடிடுவீங்க, மூடினா நீங்க இருக்க மாட்டீங்க” என்றாள். ஒரு பெட்டிகூடத் திரும்பி வந்ததில்லை என்று உங்களுக்கு எவ்வளவு பெருமையாக எழுதினேன்! அவள் இல்லாமல் என் கடையை விட்டு வெளியே போன முதல் பெட்டி உங்களுடையது.

வெட்கமாக இருந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பிறகு அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன், விரலில் சின்னச் சின்னச் சூட்டுக் காயம். அடுப்பில் சுட்டது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பெரியாஸ்பத்திரியில் காதைக் காட்டினேன். மெல்லிய சத்தங்கள், கீச்சுச் சத்தங்கள் எதுவும் விழவில்லையாம். இருபத்தெட்டு வருஷம் ஸ்பீக்கருக்கு எதிரில் உட்கார்ந்ததற்குக் கிடைத்த கூலி. காதுக் கருவிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் பெட்டியில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். வால்யூம் கன்ட்ரோலில் இரண்டு வகை உண்டு. பாட்டுக்கென்று வருவது ஆரம்பத்தில் மெதுவாகவும் கடைசியில் வேகமாகவும் ஏறும். ஓரக்கால்களை மாற்றினால் திசையோடு இந்தக் கணக்கும் தலைகீழாகிவிடும், ஆரம்பத்திலேயே தாவும். புதிதாகத் தொழில் கற்கிறவனுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. என் காதுக்கு எல்லாம் சரியாகக் கேட்டதால் யோசிக்கவே இல்லை. இப்போது ஒரே சீராக ஏறுகிற வகையைப் போட்டு, நடுக்காலுக்கும் எர்த்துக்கும் இடையில் ஒரு ரெசிஸ்டர் வைத்திருக்கிறேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் மெல்லத்தான் ஏறும். கரகரப்புக்குக் காரணமான, கசிந்த கெபாசிட்டரையும் மாற்றிவிட்டேன். நான் மீட்டரைப் பார்த்தேன், சவரி எதிரில் உட்கார்ந்து கேட்டாள், இந்தத் தடவை நான் வீட்டில் இருக்கும்போதே.

அக்கா, ஊரில் எத்தனையோ பேருக்குத் தெரிந்திருக்கிறது. என் மேலுள்ள பிரியத்தில் ஒருவரும் சொல்லவில்லை. நீங்கள் ஒருவர்தான் சொன்னீர்கள். அன்றைக்குக் கசக்கிய கடிதத்தை நீவி எடுத்து பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நான் இந்தத் தொழிலைத் தொடரலாமா, விட்டுவிடலாமா என்று பெட்டியைக் கேட்டுப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.

ரெமிஜியஸ்


786
நாகப்பட்டினம்
6.3.2024

தம்பி ரெமிஜியஸுக்கும் சவரியம்மாளுக்கும்,

பெட்டி வந்தது. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாமல் நின்றேன். எழுதியதை இன்னும் பக்குவமாக எழுதியிருக்கலாம் என்று பிறகு தோன்றியது. எனக்கு வாய் கொஞ்சம் அதிகம், எக்ஸ்சேஞ்சிலும் அதற்குத்தான் பேர்போனவள். நீங்கள் பெரிய மனது பண்ணி நன்றி சொல்லியிருக்கிறீர்கள்.

முதலில் பெட்டி. காகித வட்டத்தை மறுபடியும் ஒட்டிப் பார்த்தேன். ஒன்றில் அடுத்த வீட்டு முணுமுணுப்பு. மூன்றில் அடுத்த அறைப் பேச்சு. ஐந்தில் எதிரில் உட்கார்ந்து பேசுகிற அளவு. எட்டுக்கு மேலே போனால்தான் அதட்டல். கரகரப்பு துளியும் இல்லை. தம்பி, கடையை மூடுகிற பேச்சை இன்றோடு விடுங்கள். கை உங்களுடையது, காது சவரியுடையது, ஒரு வீட்டில் இரண்டும் இருக்கும்போது என்ன குறை?

ஆனால் அவர் தொடவில்லை. பத்து நாளாகப் பெட்டி கட்டில் பக்கத்திலேயே இருக்கிறது. பயம் போகவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு உங்கள் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். சவரி உங்களுக்காகச் செய்ததைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. இந்த வீட்டில் நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அவர் பார்வை குமிழ் பக்கம் போவதற்குள் நான் போய்த் திருப்பிவிடுகிறேன். தண்ணீர் டம்ளருக்குக் கை நீளுவதற்குள் வாயில் வைத்துவிடுகிறேன். பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாசத்தில் அவருக்கு ஒரு வேலையும் மிச்சம் இல்லாமல் போய்விட்டது.

திங்கட்கிழமை குமிழை ஐந்தாம் எண்ணில் வைத்துவிட்டு, “நான் மீன் ஆயப் போறேன், கூப்பிட்டாலும் வரமாட்டேன்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போனேன். அங்கே உட்கார்ந்துகொண்டு காதை மட்டும் உள்ளே வைத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்துப் பாட்டு கொஞ்சம் கூடியது. மறுபடி கொஞ்சம். எனக்கு அழுகை வந்துவிட்டது, மீனை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும் போலிருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு போகாமல் இருந்தேன்.

ஒரே ஒரு குறை. குமிழ் சின்னது, வழவழப்பு. வெளிப்பக்கம் எப்படியோ திருப்பிவிடுகிறார். உட்பக்கம் திருப்பப் பார்த்தால் விரல் வழுக்குகிறது. இரண்டு தடவை முயன்று விட்டுவிட்டார். இதற்கு ஏதாவது வழி உண்டா?

சவரியம்மாள், உன்னை நான் பார்த்ததில்லை. ஆனால் உன் விரல்களை நினைத்து துஆ செய்கிறேன்.

மெஹராஜ் பேகம்


மரியே வாழ்க
தஞ்சாவூர்
2.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்ப்புத் திருநாள் நல்லபடியாக முடிந்தது. இதோடு ஒரு புதுக் குமிழ் அனுப்பியிருக்கிறேன். பார்த்தால் சிரிப்பீர்கள். கடையில் கிடைக்கிற குமிழ் எல்லாம் உங்கள் வீட்டுக்காரர் விரலுக்குச் சின்னதாகத்தான் பட்டது. யோசித்துக்கொண்டே சமையல்கட்டில் நின்றேன், அடுப்பில் குழம்புச் சட்டியின் மூடி கண்ணில் பட்டது. அதன் கறுப்புக் குமிழ் நல்ல அகலம், ஓரத்தில் பிடிமானத்துக்கு வரிவரியாக வெட்டும் இருக்கிறது. கழற்றி, துளை போட்டு, பக்கத்தில் ஒரு திருகு வைத்திருக்கிறேன். பழைய குமிழை இழுத்தால் வந்துவிடும், இதைச் செருகித் திருகை முறுக்கினால் போதும். சவரி இப்போது சட்டி மூடியைத் துணியால் பிடித்துத் தூக்குகிறாள். “நாகப்பட்டினத்து அக்காவுக்குன்னா சட்டியையே குடுப்பேன்” என்று எழுதச் சொன்னாள்.

காதுக் கருவி போன வாரம் வந்தது. மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உள்ளே கடுகு வெடித்தது அக்கா, திடுக்கிட்டு நின்றுவிட்டேன். தாளிக்கும்போது சத்தம் வரும் என்பதே மறந்துபோயிருந்தது. சவரி வேலை செய்யும்போது வாய்க்குள்ளேயே ஏதோ பாடிக்கொண்டிருக்கிறாள். எப்போதிருந்து பாடுகிறாள் என்று கேட்டேன். “எப்பவும்தான்” என்றாள்.

உங்கள் பெட்டியிலிருந்து எடுத்த பழைய வால்யூம் கன்ட்ரோலையும் கெபாசிட்டரையும் இன்னொரு பெட்டியில் மாட்டிக் கேட்டுப் பார்த்தேன். ஐயோ, இதையா ஒரு நோயாளி மனுஷனுக்கு அனுப்பினேன்! அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்போது கடையில் வேலை முறையே மாறிவிட்டது. நான் சால்டர் வைக்கிறேன், அவள் எதிரில் கீரையோடு உட்கார்ந்து கேட்கிறாள், தலையை ஆட்டினால்தான் மூடியைப் பூட்டுகிறேன். “இதுல லேசா இருக்குங்க” என்று அவள் சொல்லும்போது முதலில் சுருக்கென்றது. இப்போது இல்லை. புது அட்டையும் அச்சடித்தாயிற்று, போன் எடுப்பதில்லை என்ற வரி அதில் இல்லை. கருவி மாட்டினாலும் போனில் பாதிதான் விளங்குகிறது, மீதியை “கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, எனக்குக் காது மந்தம்” என்று கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அதைச் சொல்ல ஐம்பத்தேழு வருஷம் ஆயிருக்கிறது எனக்கு.

உங்களுக்கு நான் கடமைப்பட்டவன். வாழ்நாள் முழுவதும் நன்றியோடு இருப்பேன்.

ரெமிஜியஸ்


786
நாகப்பட்டினம்
13.4.2024

அன்புத் தம்பிக்கும் சவரிக்கும்,

பெருநாள் நேற்று முன்தினம். உங்கள் இருவருக்கும் பெருநாள் வட்டிலப்பம் ஃபாஜிலிடம் கொடுத்தனுப்புகிறேன், பஸ்ஸில் வருகிறான். பெருநாள் அன்று நடந்ததை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சட்டிக் குமிழ் மாட்டி ஒரு வாரம் ஆகிறது. கைக்கு அடக்கமாக இருக்கிறது. வெளிப்பக்கம் திருப்பித் தினமும் தானே பாட்டு வைத்துக்கொள்கிறார். உட்பக்கம் திருப்புவது இன்னும் வலிக்கிறதுபோல, குறைக்க வேண்டுமென்றால் கண்ணால் காட்டுவார், நான் வந்து குறைப்பேன். அது போதும் என்றுதான் இருந்தேன்.

பெருநாள் மதியம் வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். நான் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். பாட்டு ஏழில் ஓடுகிறது. எங்கள் மகன் துபாயில் இருக்கிறான், இந்தப் பெருநாளுக்கு வருவதாகச் சொல்லி வரவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, மனது ஆறவில்லை. பாட்டுச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று எனக்கு நானே புலம்பிக்கொண்டிருந்தேன். நாற்பது வருஷமாக அப்படித்தான் தம்பி. அவர் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் நான் பேசுவது பேச்சே இல்லை. ஒரு நாள்கூட எனக்காக அதைக் குறைத்தவர் இல்லை. நானும் பழகிவிட்டேன்.

பாட்டு குறைந்தது. கரண்டுதான் குறைகிறது என்று நினைத்தேன். மறுபடியும் குறைந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவர் கை குமிழ் மேல் இருக்கிறது. உட்பக்கமாகத் திருப்புகிறார். நெற்றியில் வியர்வை, உதட்டைக் கடித்திருக்கிறார். “விடுங்க, நான் குறைக்கிறேன்” என்று எழப்போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒன்றுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் கையை எடுத்தார்.

பிறகு என்னைப் பார்த்து முகவாயை லேசாக உயர்த்தினார். சொல்லு என்று.

எனக்கு என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதே மறந்துபோய்விட்டது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலில் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, மகனிலிருந்து ஆரம்பித்தேன். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை பேசிக்கொண்டே இருந்தேன் தம்பி, அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

உங்கள் அக்கா
மெஹராஜ் பேகம்